நாலு தேசிக்காய், ஆறு சில்லு

அன்று காலை அந்த இடத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் கணவர், பன்னிரண்டு வயதான எங்கள் மகள், என் அக்கா, அக்காவின் கணவரான அத்தான், பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்த ஓர் அமெரிக்கக் கிழவி. ஆறு பேர். ஏழாவதாக ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. லண்டனில், ஹரோ வீட்டில், அத்தான் சொல்லும் கதையில் தொப்பி போட்ட வனக்காவலர் ஒருவர் வருகிறார். பட்டணம் வரைக்கும் வண்டியை அவர்தான் ஓட்டிக் கொடுத்தாராம். அப்படி ஒருவரும் வரவில்லை. ஓட்டியது நான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஈஸ்டர் விடுமுறை அது. அத்தான் கணக்காளர். அவர் வேலை செய்யும் கந்தோரின் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆட்களைப் போன்ற கள்ளிகளும் செம்மண் மலைகளும் அதில் இருந்தன. அதைப் பார்த்துப் பார்த்தே அரிசோனாப் பாலைவனத்தை மோட்டார் ஹோமில் சுற்றுவதென்று முடிவெடுத்துவிட்டார். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. "ஹோட்டல் காசு மிச்சம், கடைச் சாப்பாட்டுக் காசும் மிச்சம். ஒன்பது நாள் ராசா மாதிரி இருக்கலாம்" என்றார். நாங்கள் லண்டனின் கிழக்கே பிளேஸ்டோவில் இருந்தோம். என் கணவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை, எனக்குப் பள்ளிக்கூடக் கன்ரீனில். இரண்டு வருடம் மேலதிக ஷிப்ட் செய்து எங்கள் பங்கைச் சேர்த்தோம். ஒருவரிடமும் கைநீட்டவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அத்தான் வரைபடத்தை விரித்துப் பேசும்போது வாய் திறக்கமாட்டேன். ஆனால் பயம் என்று வந்துவிட்டால் என் வாயை மூட ஒருவராலும் ஏலாது. பாம்பு வந்தால்? காஸ் கசிந்தால்? ஓட்டுகிற ஒரே ஆள் அத்தான், அவருக்கு ஏதும் நடந்தால்? என் கணவரும் அக்காவும் கார் பழகவே இல்லை. என்னிடம் லைசன்ஸ் இருந்தது. நாலு தரம் தவறி ஐந்தாம் தரம் கிடைத்த லைசன்ஸ். அதை வைத்துக்கொண்டு பக்கத்து ஈஸ்ட்ஹாமுக்கு மரக்கறி வாங்கப் போவேன். ஒரேயொரு தரம் லண்டனின் மறுபக்கம் இருக்கும் கோலியர்ஸ் வுட்டில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போயிருக்கிறேன். மோட்டர்வே பக்கமே போகாமல், இரண்டு மணித்தியாலம் எடுத்து.

ஃபீனிக்ஸில் வண்டி வாடகைக்கு எடுக்கும் இடத்தில், இரண்டாவது ஓட்டுநரின் பெயரையும் பத்திரத்தில் சேர்ப்பதென்றால் நாளுக்கு ஐந்து டொலர் என்றார்கள்.

"தேவையில்லை" என்றார் அத்தான்.

"என்ரை பேரைப் போடுங்கோ" என்றேன் நான்.

அத்தான் திரும்பிப் பார்த்தார். "உம்மடை பேரோ? பிள்ளை, இது ஈஸ்ட்ஹாமுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போற கார் இல்லை. இருபத்தெட்டு அடி."

"ஓடுறதுக்கில்லை அத்தான். ஒரு பயத்துக்கு."

"பயத்துக்கு நாப்பத்தைஞ்சு டொலரோ! தம்பி, உம்மடை மனிசி பயத்துக்கும் இன்சூரன்ஸ் எடுக்குது" என்று என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "சரி, நீர் இந்த வண்டியை ஒரு மைல் ஓடினீர் எண்டால், அந்த நாப்பத்தைஞ்சையும் நான் தாறன். உம்மடை அக்கா சாட்சி."

என் கைப்பையிலிருந்து காசை எண்ணிக் கொடுத்தேன்.

வண்டியை எடுக்கும்போது இன்னொன்று நடந்தது. புதிதாக ஒரு வாகனம் புறப்படும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஓர் எலுமிச்சையை, எங்கள் பேச்சில் சில்லுக்குக் கீழே தேசிக்காயை, வைத்து நசித்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம். அக்கா அதற்கென்றே நாலு தேசிக்காயைக் கையில் வைத்திருந்தாள். முன்னால் இரண்டை வைத்தாள். பின்னால் போய்க் குனிந்தவள் நிமிரவில்லை. பின்பக்கம் சோடி சோடியாக நாலு சில்லு. மொத்தம் ஆறு.

"வெளியிலை தெரியிற ரெண்டுக்கும் வையும், காணும்" என்றார் அத்தான். "உள்ளுக்கை இருக்கிறது கடவுளுக்குத் தெரியவா போகுது?"

எனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த மூன்று நாளும், ஒவ்வொரு வளைவிலும், தேசிக்காய் கிடைக்காத அந்த இரண்டு சில்லையும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பயத்தோடு பயமாக அந்த நாட்களை அனுபவிக்கவும் செய்தேன். பாலைவனம் என்றால் வெறும் மணல் என்று எண்ணியிருந்தேன். மாசி பங்குனி மழைக்குப் பிறகு அங்கே தரையெல்லாம் மஞ்சள் பூ. லண்டனில் கோட்டுக்குள் கிடந்த முதுகில் வெயில் பட்டபோது உடம்பே லேசாகிவிட்டது. முகாம்களில் ஓய்வுபெற்ற அமெரிக்கர்கள் மடிக்கதிரை போட்டு நாயோடு உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் யன்னலைத் திறந்து கத்தரிக்காய்க் குழம்பு வைத்தால், நடந்து போகிறவர்கள் நின்று மணம் பிடித்துவிட்டுப் போவார்கள்.

பிழை வந்தது தண்ணீரில். தாங்கியில் இருக்கும் தண்ணீர் ஐந்து பேருக்கு நாலு நாள் காணும் என்று வண்டியைத் தந்தவன் சொல்லியிருந்தான். அவன் அமெரிக்கர்களைக் கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். நாங்கள் அரிசியை மூன்று தரம் கழுவுகிற ஆட்கள். கக்கூஸில் கடதாசி போதாது, ஒரு பிளாஸ்டிக் ஜக்கில் தண்ணீர் கொண்டுபோகிற ஆட்கள். அக்கா முழுகாமல் அடுப்பைத் தொடமாட்டாள். மூன்றாம் நாள் தாங்கியை நிரப்பிக்கொண்டு, குழாயோ கரண்டோ இல்லாத ஒரு முகாமில் போய் நிறுத்தினோம். நாலாம் நாள் விடியச் சுவரில் இரண்டு சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்று, நல்ல தண்ணீர் முடிந்தது. மற்றது, கழிவுத் தாங்கி நிரம்பிவிட்டது.

"அதிலை இருந்ததை எடுத்து இதிலை ஊத்தியிருக்கிறம், அவ்வளவுதான்" என்றார் என் கணவர்.

அக்கா உடனே சட்டம் போட்டாள். "இனி ஆம்பிளையள் வெளியாலை போங்கோ."

அத்தான் சாரத்தோடும் ரப்பர் செருப்போடும், குடிக்க வைத்திருந்த தண்ணீரில் ஒரு போத்தலையும் எடுத்துக்கொண்டு பற்றைப் பக்கம் போனார். ஐந்து நிமிடத்தில் அவர் போட்ட சத்தத்துக்குக் கிழவியின் நாய் குரைக்கத் தொடங்கியது. ஒற்றைக் காலில் கெந்திக்கொண்டு வந்தார். வலது பாதத்தில் ஒரு தேசிக்காய் அளவு முட்பந்து. தொட்டாலே பிய்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும் ஒரு கள்ளி அங்கே இருக்கிறது. செருப்பையும் துளைத்து உள்ளே போயிருந்தது.

கிழவி ஒரு சீப்பும் குறடும் கொண்டு ஓடிவந்தாள். முள்ளுக்கும் தோலுக்கும் நடுவில் சீப்பை விட்டு ஒரு சுண்டு. பந்து பறந்து போனது. ஆனால் உடைந்த முட்கள் உள்ளே நின்றுவிட்டன, பாதம் வீங்கத் தொடங்கியது. அத்தானுக்கு நீரிழிவு. காலில் வரும் காயம் அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. நாற்பது மைலில் ஒரு பட்டணம் இருக்கிறது, அங்கே கிளினிக் உண்டு, தாமதிக்க வேண்டாம் என்றாள் கிழவி. பிறகு கேட்டாள்: "வேறு யாருக்கு ஓட்டத் தெரியும்?"

"ஒருவருக்கும் தெரியாது" என்று அத்தான் அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

"எனக்கு" என்றேன். "என் பெயர் பத்திரத்தில் இருக்கிறது." எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். அன்றைக்கு அது போதுமாயிருந்தது.

அக்கா என் கையைப் பிடித்தாள். "எடி, உனக்கு ஏலுமே?"

"ஏலாது. ஆனா ஓடுறன்."

"கொஞ்சம் பொறும்" என்றார் அத்தான். "அங்காலை ஆரேன் ஆம்பிளையள் இருப்பினம், கேட்டுப் பாப்பம்."

"ஆரின்ரை பேர் அத்தான் பத்திரத்திலை இருக்கு?"

அவர் வண்டிச் சாவியை நீட்டினார்.

சமையல் கூடையில் இரண்டு தேசிக்காய் மிச்சம் இருந்தது. அவற்றை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே தவழ்ந்துபோய், விடுபட்ட இரண்டு உள்சில்லுக்கும் முன்னால் வைத்தேன். நான் என்ன செய்கிறேன் என்று கிழவி மகளிடம் கேட்டாள். மகள் வெட்கத்தில், "அம்மா சில்லுக்குக் காற்றுப் பார்க்கிறா" என்று சொல்லிவிட்டாள்.

இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் தரை எங்கேயோ கீழே இருந்தது. ஸ்டியரிங் இடப்பக்கம். வீதியிலோ வலப்பக்கம் போகவேண்டும். பிரேக்கை மெதுவாக விட்டேன். தேசிக்காய் நசிந்த சத்தம் எனக்குக் கேட்டது என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. கேட்டது. கிழவி தன் வண்டியை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். கரடுமுரடான மண் பாதையில் அலுமாரிக்குள் கோப்பைகள் கலகலத்தன. பிரதான வீதி வந்ததும் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டு அவள் மற்றப் பக்கம் திரும்பினாள். அதற்குப் பிறகு நான் தனி.

"வலப்பக்கம், வலப்பக்கம்" என்று என் கணவர் பக்கத்திலிருந்து ஓதிக்கொண்டே வந்தார்.

"வாயை மூடிக்கொண்டு கண்ணாடியைப் பாருங்கோ" என்றேன்.

கலியாணம் கட்டிப் பதினாலு வருடத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. மனிதர் உடனே கண்ணாடியைப் பார்த்தார்.

லொறிகள் கடந்து போகும்போது காற்று எங்கள் வண்டியைத் தள்ளியது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து மணிக்கு முப்பத்தைந்து மைலில் போனேன். பின் கட்டிலில் கிடந்த அத்தான் குரல் கொடுத்தார்: "என்ன, நடந்தோ போறம்?"

"உங்களுக்கு ஏலுமெண்டால் இறங்கி நடவுங்கோ" என்றாள் அக்கா.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபோதுதான் என் தோள் இறங்கியதை உணர்ந்தேன். வீதி நேராக ஓடியது. இரண்டு பக்கமும் அதே மஞ்சள் பூ. அவ்வளவு நேரமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது, நான் காணவில்லை. நாற்பத்தைந்துக்கு ஏற்றினேன்.

கிளினிக்கில் மூன்று கார் நிற்கும் இடத்தை அடைத்துக் குறுக்கே நிறுத்தினேன். தாதி பதினொரு முள் எடுத்தாள். நேரத்தோடு வந்தது நல்லது என்றாள். அத்தானும் அக்காவும் உள்ளே இருந்த நேரத்தில் நாங்கள் மூவரும் கழிவு வெளியேற்றும் இடத்துக்குப் போனோம். மகள் பலகையில் இருந்ததை வாசித்தாள், கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு குழாயைப் பிடித்தார், நான் தாங்கியைத் திறக்கும் பிடியை இழுத்தேன். பிறகு நல்ல தண்ணீர் நிரப்பினோம். அக்காவின் முழுக்கு இரண்டு நாளைக்கு ஒரு தரம் என்று நானே சட்டம் போட்டேன்.

மிச்ச ஐந்து நாளும் நான்தான் ஓட்டினேன். பெரும் பள்ளத்தாக்கின் விளிம்பில் இன்னும் பனி கிடந்தது. எல்லாரும் இறங்கி ஓடினார்கள். நான் ஹாண்ட்பிரேக்கை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். இருபத்தெட்டு அடி வண்டியை அந்த உயரத்துக்குக் கொண்டுவந்தவள் என்ற நினைப்போடு பார்த்ததாலோ என்னவோ, அந்தப் பள்ளம் எனக்குப் பெரிதாகப் பயம் காட்டவில்லை.

திருப்பிக் கொடுத்த இடத்தில் ஒருவன் தாளோடு வண்டியைச் சுற்றி வந்து, ஒரு கீறலும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தான். அந்தத் தாளைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். என் பெயரில் எனக்குக் கிடைத்த சான்றிதழ் லைசன்ஸுக்கு அடுத்து அதுதான்.

பிளேனில் அத்தான், "வண்டியைப் பின்னுக்கு எடுக்கத்தான் நீர் கொஞ்சம் பழகவேணும்" என்றார். அவர் வாயில் அது பாராட்டு. நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வனக்காவலர் கதைக்குள் எந்த வருடம் நுழைந்தார் என்று தெரியாது. அவர் வரும் ஒவ்வொரு தரமும் நான் கையை நீட்டிப் பந்தயக் காசைக் கேட்பேன். அக்கா சாட்சி சொல்லுவாள். அத்தானும் இல்லை என்று சொல்லமாட்டார். "தாறன், தாறன், டொலர் விலை கொஞ்சம் இறங்கட்டும்" என்பார். கணக்காளர் அல்லவா. டொலர் எத்தனையோ தரம் இறங்கி ஏறிவிட்டது. எனக்கு வரவேண்டியது இன்னும் அப்படியே நிற்கிறது: நாற்பத்தைந்து டொலர்.