நாலு கட்டு, எட்டு உதிரி

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் மதியம் ஒரு மணிக்கு வண்டி ஏறினோம். திருப்பூருக்கு ஆளுக்கு அறுபது ரூபாய். 2006 மே மாதம், கத்திரி வெயில். முப்பது வருடமாகத் திருப்பூர் பனியனைப் போட்டுக்கொண்டு திரிகிறேனே தவிர, அந்த ஊரை ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. இப்போதும் நானாகக் கிளம்பவில்லை, எஸ்தர் இழுத்துக்கொண்டு போனார்.

எஸ்தருக்கு ஊர் ஜாம்பியா. அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளை எப்படிச் சோதிக்கிறார்கள், அந்தச் சோதனையில் என்ன தெரிகிறது, எது தெரியாமலே போகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நான் ஆங்கிலம் சொல்லித்தரும் பயிற்சிப் பள்ளிக்கு இரண்டு மாத விருந்தாளியாக வந்திருந்தார். படிப்பை விட்டு வேலைக்குப் போன பிள்ளைகளைத் தேற்றித் திரும்ப வகுப்பில் சேர்க்கும் சிறப்புப் பள்ளி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. சம்பளம் கிடையாது, வழியெல்லாம் டீ மட்டும் உண்டு.

தாராபுரத்தில் வண்டி பத்து நிமிடம் நின்றது. நடத்துனருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“ஏனுங்க, அம்மிணிக்கு எந்த ஊருங்க?”

“ஜாம்பியா. ஆப்பிரிக்காவில் இருக்கிறது.”

“அடேயப்பா! நம்மூரு பனியன் அங்கயும் போகுதுங்களா?”

கேட்டுச் சொன்னேன். எஸ்தர் சிரித்தார். அவர்கள் ஊர்ச் சந்தையில் வெளிநாட்டுப் பழைய துணி மலையாகக் குவிந்து கிடக்குமாம். அதில் திருப்பூர் எது, சீனா எது என்று யார் பார்த்தார்கள் என்றார். நடத்துனருக்கு இது திருப்தியாக இல்லை. “அடுத்த வாட்டி லேபிளப் பாக்கச் சொல்லுங்க” என்று விசில் ஊதிவிட்டார்.

அங்கிருந்து திருப்பூர் ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். அந்த வழியில்தான் எஸ்தர் தன் ஆராய்ச்சியை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அவர் ஊரில் ஆசிரியை கேள்வி கேட்டால் வகுப்பே ஒரே குரலில் பதில் சொல்லுமாம். பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்குமாம். அதிலிருந்து ஒரு பெண்ணைத் தனியாக நிறுத்திக் கேட்டால் வாயே திறக்க மாட்டாள், பூஜ்யம் வாங்குவாள். “தெரியாமல் பூஜ்யமா, தனியாக நின்ற பயத்தில் பூஜ்யமா? தேர்வுத்தாளில் இரண்டும் ஒரே பூஜ்யம்தான்” என்றார். நம் ஊரிலும் அப்படித்தான் என்று பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன்.

மாலை ஆறு மணிக்குத் திருப்பூர். நொய்யல் பாலத்தைத் தாண்டும்போது வண்டியே மூக்கைப் பொத்திக்கொண்டது. ஆற்றில் அன்று ஓடியது ஊதா நிறச் சாயக்கழிவு. ஆளுக்கோர் அறை, வாடகை முந்நூறு ரூபாய், ஜன்னலைத் திறந்தால் தையல் மெஷின் சத்தம். எஸ்தர் காலையில் சொன்னார், மழை பெய்கிறது என்று நினைத்தே தூங்கிப்போனாராம்.

மறுநாள் காலை எட்டு மணி. ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் கொடுத்துப் பள்ளிக்குப் போனோம். பனியன் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு சந்தில், ஓடு வேய்ந்த ஒற்றைக் கூடம். ஆசிரியை வளர்மதி வாசலுக்கே வந்துவிட்டார். இதே ஊர்க்காரர், நெசவுக் குடும்பம், நெற்றியில் பழனி விபூதி.

“வாங்க மேடம், வாங்க சார். எடம் கண்டுபுடிக்கச் சிரமமா இருந்துச்சுங்களா? இன்னிக்குப் பரீட்சைங்க. யாரு எந்த வகுப்புக்குப் போறதுன்னு இன்னிக்கு எழுதியாகோணும்.”

அந்தக் கூடத்துப் பிள்ளைகள் ஜூன் மாதம் அரசுப் பள்ளிக்குப் போகிறார்கள். வளர்மதி எந்த வகுப்பென்று எழுதுகிறாரோ, அங்கேதான் போய் உட்கார வேண்டும்.

வாசலில் ஒரு பெண் சோற்றுத் தூக்கோடு, மகளைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். பெயர் புஷ்பம், சாத்தான்குளத்துப் பக்கம். பக்கத்துக் கம்பெனியில் கைமடி வேலை, அதாவது தையற்காரருக்குத் துணியை மடித்து மடித்துக் கொடுப்பது. எஸ்தரின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“எஸ்தரா! எங்க அத்த பேரும் அதாம்லா சார். இவ எம்மவ ஜான்சி. பதினோரு வயசாவுது. ரெண்டாப்போட நின்னுட்டு எங்கூடக் கம்பெனிக்கு வந்தா. இப்ப ஒரு வருசமா இங்க படிக்கா. திரும்ப ரெண்டாப்புல போட்டா, சின்னப் புள்ளையளோட உக்கார மாட்டேங்கா சார். கம்பெனிக்கே போறேங்கா. ஜெபம் பண்ணச் சொல்லுங்க அந்த அம்மாவ.”

சொன்னேன். எஸ்தர் புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டரை மணிக் கம்பெனிச் சங்கு ஊதவும் புஷ்பம் ஓடினார்.

ஜான்சி தமிழ்ப் பாடத்தைத் தடங்கலின்றி வாசித்தாள். பிறகு கணக்கு. வளர்மதி நாற்பத்தெட்டு ஈர்க்குச்சிகளைக் கொட்டி, கொஞ்சம் ரப்பர் வளையமும் வைத்தார்.

“பத்துப் பத்தாக் கட்டு கண்ணு. எத்தன கட்டு, எத்தன உதிரின்னு சொல்லு.”

அந்த விரல்களின் வேகத்தைப் பார்க்க வேண்டும். எண்ணுகிறாளா, அள்ளுகிறாளா என்றே தெரியவில்லை.

“நாலு கட்டு டீச்சர். உதிரி இல்ல.”

“நல்லாப் பாரு கண்ணு.”

அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். நாலு கட்டு, உதிரி இல்லை. வளர்மதியின் முகம் வாடியது. பத்து எண்ணத் தெரியாத பிள்ளையை எப்படி வயதுக்கேற்ற அஞ்சாம் வகுப்புக்கு எழுதுவது? சிவப்புப் பேனாவை எடுத்தார். பக்கத்தில் எஸ்தர் என் முழங்கையைப் பிடித்தார். விருந்தாளியாகக் குறுக்கிட முடியாது, பிடி மட்டும் இறுகியது. எனக்கோ எட்டு ஈர்க்குச்சிகளை ஒளித்துவைத்தாவது அந்தப் பிள்ளையைக் கரையேற்றிவிட முடியாதா என்று இருந்தது.

மிச்சம் எட்டுக் குச்சி எங்கே போனது என்று வளர்மதி பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு கட்டைப் பிரித்து எண்ணினார். பன்னிரண்டு. அடுத்தது, பன்னிரண்டு. நாலும் அச்சு அசலாகப் பன்னிரண்டு.

“அட சாமி! டஜன் கட்டிப் போட்டயா?” திருப்பூர்க்காரர் அல்லவா, உடனே பிடித்துவிட்டார். “கம்பெனில என்ன வேலை பாத்த கண்ணு?”

“பனியன் பீஸ டஜன் டஜனா அடுக்கிக் கட்டுவேன் டீச்சர்.”

“செரி, உனக்குப் பத்து தெரியுமல்லொ?”

“தெரியும்.”

“அப்பறம் ஏன் பத்தாக் கட்டல?”

ஜான்சி குனிந்துகொண்டாள். “பத்துன்னா ரெண்டு கொறையுதுல்லா டீச்சர். கொறஞ்சா ஏசுவாவ.”

பக்கத்துக் கம்பெனியின் மெஷின் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. வளர்மதி தரையில் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“இங்க ஆரும் ஏச மாட்டாங்க கண்ணு. ஒவ்வொரு கட்டுலயும் ரெண்டு எடுத்து வெளிய வெய்யி பாக்கலாம்.”

ஜான்சி எடுத்தாள். நாலு கட்டிலிருந்தும் எடுத்தபின் எட்டுக் குச்சிகள் தரையில் கிடந்தன. அவளுக்கு அது தாங்கவில்லை, உள்ளங்கையால் அவற்றை மூடிக்கொண்டாள்.

“கைய எடு. மிச்சமாக் கெடந்தாத் தப்பில்ல. சொல்லு, எத்தன?”

“நாலு கட்டு…” என்று நிறுத்தினாள். ஆசிரியையின் முகத்தைப் பார்த்தபடியே கையை எடுத்தாள். “எட்டு உதிரி.”

அதன்பின் வளர்மதி கேட்ட பெருக்கலும் வகுத்தலும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஐந்தாம் வகுப்பு என்று எழுதினார். எஸ்தர் அப்போதுதான் என் முழங்கையை விட்டார். அடையாளம் பதிந்திருந்தது.

பதினொரு மணிக்கு டீ இடைவேளை. சேதியை நாங்களே சொல்லிவிடுகிறோம் என்று கம்பெனி வாசலுக்குப் போனோம். தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு புஷ்பம் ஓடி வந்தார்.

“ரெண்டாப்பா சார்?”

“அஞ்சாப்பு.”

அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எஸ்தரும் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மூன்று டீ வாங்கி வந்தேன். புஷ்பம் சிரிக்கட்டுமே என்று டஜன் கட்டிய கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“இனி பள்ளியோடத்துலயே இருந்தா, அந்த டஜன் கணக்கு அவளுக்கு மறந்துருமா சார்?”

பயப்படுகிறார் என்று நினைத்துத் தேற்றினேன். “மறக்காதும்மா. பன்னிரண்டாம் வாய்ப்பாடு மாதிரி கூடவே இருக்கும். நல்லதுதானே?”

“இல்ல சார்” என்றார் புஷ்பம். “மறக்கட்டும்.”

சங்கு ஊதியது. மிச்ச டீயை ஒரே வாயில் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். கடைசியாக என்ன சொன்னார் என்று எஸ்தர் கேட்டார். அந்த ஒரு சொல்லை மொழிபெயர்க்க, திரும்பும் வழியில் எனக்குத் தாராபுரம் வரை ஆனது.