வேலணையைப் பிறப்பிடமாகவும்

ஸ்டெல்லா அக்கா காலமான செய்தி வந்தபோது, ஒஸ்லோவுக்கு அருகே ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் சப்பாத்து ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் எங்கள் தமிழர் ஒன்றியத் தலைவர். மரணத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு மண்டபம், மலர்வளையம், பேச்சாளர் வரிசை ஆகியவற்றுக்கு வந்தார். அந்த வரிசையில் தன் பெயர் முதலில் இருப்பதை மிகுந்த துயரத்தோடு தெரிவித்தார். துக்கம் வரவேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் தணியவில்லை.

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் அவர் வீட்டில் தேநீர் குடித்த எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். மருத்துவமனை ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிப்பது அவர் வேலை. "குழாயில பேர் மாறினால் ஆளே மாறிப்போகும்" என்பார். பிறந்தநாள் கேக்கில் பிள்ளையின் பெயர் பிழையாக இருந்தால் வெட்ட விடமாட்டார். கேக் தின்னும் அவசரத்தில் இருந்தவர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை.

சில வருடங்களுக்கு முன், கோடையில், ஜெர்மனியிலுள்ள மாதா திருத்தலத்துக்கு ஒஸ்லோவிலிருந்து பஸ்ஸில் போனோம். வழியில் ஒல்லாந்தின் பழைய பல்கலைக்கழக நகரமான லைடனில் அரைநாள் தங்கல். கால்வாய்கள், காற்றாலை, சைக்கிளில் விரையும் மாணவர்கள், மூலைக்கொரு அருங்காட்சியகம். எங்கள் ஆட்கள் ஒவ்வொரு பாலத்திலும் நின்று படம் எடுத்தார்கள். எல்லாப் படத்தையும் அவர்களே நிறைத்துக்கொண்டதால் நகரம் எப்படியிருந்தது என்று இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது.

அக்கா என்னை ஓர் அருங்காட்சியகத்துக்குள் இழுத்துப்போனார். அங்கே கண்ணாடிக்குள் ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாண வரைபடம். தாங்கள் பிடித்த தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கள் நகரங்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். வேலணைத் தீவுக்குக் கிடைத்தது லைடன். கீழேயிருந்த விளக்க அட்டையிலும் அதுதான். வேலணை என்ற சொல் எங்குமே இல்லை. அக்கா பிறந்தது வேலணையில். போரில் அங்கிருந்து ஓடியபின் அவர் தன் ஊரைக் கண்டது அந்தக் கண்ணாடிக்குள்தான்.

ஊரின் பெயரையும் எழுதச் சொல்லிக் காவலரிடம் கேட்டார். லைடன் என்றால்தான் பார்வையாளர்கள் எல்லோருக்கும் விளங்கும் என்றார் அவர். பொறுப்பாளர் சாப்பிடப் போயிருந்தார். அக்கா ஒரு வாங்கில் அமர்ந்துவிட்டார். தலைவர் தேடி வந்தார்.

"அக்கா, பஸ் வெளிக்கிடப்போகுது. ஒரு பேருக்காக இவ்வளவு சனத்தையும் மறிக்கலாமோ?"

"நீங்கள் போங்கோ தம்பி. நான் சாப்பிடப் போனவ வருமட்டும் இருக்கிறன்."

பஸ் போய்விட்டது. புறப்பட்டதும் தலைவரே செபமாலையைத் தொடக்கிவைத்ததாகப் பிறகு அறிந்தேன். நான் அக்காவோடு இருந்தேன். பொறுப்பாளர் வந்து பொறுமையாகக் கேட்டார். மாலையில் ரயில் மாறி மாறித் திருத்தலம் போய்ச் சேர்ந்தோம்; தலைவர் முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்தார். பல மாதங்கள் கழித்து அக்காவுக்கு ஒரு புகைப்படம் வந்தது. புதிய அட்டையில் வேலணை முதலிலும் லைடன் பிறகும் இருந்தன. நாடு பிடித்தவர்கள் திருத்திவிட்டார்கள்.

இப்போது நம்மவர்களிடம் வருகிறேன். ஒன்றியம் வெளியிட்ட மரண அறிவித்தல் இப்படித் தொடங்குகிறது: "யாழ் நகரைப் பிறப்பிடமாகவும் ஒஸ்லோவை வதிவிடமாகவும் கொண்ட..." தலைவருக்கு அழைப்பு எடுத்தேன்.

"தீவுப்பக்கம் எண்டு போட்டால் சனம் ஒரு மாதிரிப் பாக்கும் தம்பி. யாழ்ப்பாணம் எண்டால் எல்லாருக்கும் விளங்கும்."

லைடன் காவலர் சொன்ன அதே நியாயம். காவலராவது வேலணைக்காரரைக் கேவலமாக நினைத்துச் சொல்லவில்லை. இறுதிக் கிரியையில் தலைவர் உருகிப் பேசினார். அக்கா அமைதியானவராம், எல்லோரோடும் கடைசிவரை சேர்ந்து பயணித்தவராம். பஸ்ஸில் இருந்தவர்கள் பலர் தலையாட்டினார்கள்.

அக்காவை அறிந்தவர்களே, முப்பத்தோராம் நாள் நினைவு மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதிலும் யாழ் நகர்தான் என்று கேள்விப்பட்டு இன்று ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தேன். தலைவர் சாப்பிடப் போயிருக்கிறாராம். எப்போது வருவாரென்று தெரியாதாம். பரவாயில்லை. ஸ்டெல்லா அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, ஓரிடத்தில் அமர்ந்தால் எழும்பாமல் இருப்பதைத்தான். வாசலுக்கு நேரே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அவர் வருமட்டும் இருக்கிறேன்.