வாய் மூடியிருந்தேன், பிறந்த வீடு வந்தது

அம்மனை நம்பி வாழும் என் சொந்தங்களுக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து தனலட்சுமி சொல்கிறேன். தனம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் என்பது ஒரு பேச்சுக்கு. போன ஆடி மாதம் வரைக்கும் என்னை ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு என்னை எவ்வளவு கீழே தள்ளியது, தாய் எப்படித் தூக்கிவிட்டாள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். நான் கொஞ்சம் வளவளவென்று பேசுகிறவள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு சின்ன ரேடியோ நிலையம் இருக்கிறது. ஒரு அறக்கட்டளை நடத்துவது. செய்தி கிடையாது, நாடகம் கிடையாது. காலையிலிருந்து இருட்டும்வரை ஆட்டத்துக்கான பாட்டும் மேளமும்தான். பம்பை, உடுக்கை, தப்பு, கும்மி, கல்யாண பேண்டு என்று சுற்றுவட்டாரத்து ஆட்களை வரவழைத்து நாங்களே பதிவு செய்து போடுவோம். ஆட்ட ரேடியோ என்பார்கள். நான் அதில் அறிவிப்பாளர். அதற்கு முன்னால் ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்காக ஊர் ஊராகக் கத்தினவள். என் தொண்டையைக் கேட்டுத்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள்.

எனக்கு அப்பா அம்மா இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. வீட்டுக்காரர் முனுசாமி உளுந்தூர்பேட்டையில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். பிள்ளையும் தங்கவில்லை. அதனால் எனக்குப் பேச்சுத்துணை என்றால் அந்த மைக்தான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே என் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவேன். தினமும் காலைக் கும்மி முடிந்ததும், "இன்னிக்கு உங்க வூட்ல இன்னா கொழம்பு? சொல்லுங்க," என்று கேட்டுவிட்டு, போன் நம்பரையும் சொல்லிவிட்டுச் சற்றுநேரம் சும்மா இருப்பேன். ஆரம்பத்தில் நாலு பேர் கூப்பிட்டார்கள். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் போன் அடிப்பதே நின்றுவிட்டது. "சரி, சொல்லாட்டி போங்க. எங்க வூட்ல கருவாட்டுக் கொழம்பு," என்று நானே சிரித்துக்கொண்டு அடுத்த பாட்டைப் போடுவேன்.

எத்தனை நாளைக்குச் சிரிக்க முடியும்? கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். பதிவுக்கு வந்துகொண்டிருந்த பம்பைக்காரர்கள், "யார் கேக்கறாங்கன்னு வர்றது?" என்று நின்றுவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியது நானும் ஜமால் பாயும். அவர் முன்பு கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கருவிகள் எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் நிலையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டீக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. அந்த டீக்கடையிலேயே எங்கள் ரேடியோ பாடாது. கடைக்காரர் செல்போனில் வேறு பாட்டு வைத்திருப்பார். அந்தச் சத்தம் படியேறி வந்து எங்கள் ஜன்னலில் மோதும். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் ரிஷிவந்தியம் வரைக்கும் பஸ்ஸில் போய்க் கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர்கள், கடைக்காரர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். "இன்னும் ரேடியோவெல்லாம் கீதா?" என்றார் ஒரு பூக்கார அம்மாள். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அதற்கு மறுநாள் மைக்கில் உட்கார்ந்தபோது எனக்கு என்ன வந்ததோ, "நான் செத்தா எனக்குப் பொறந்த வூட்டுக் கோடி போடக்கூட ஆள் இல்லீங்க," என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கம் கல்யாணமான பெண் இறந்துபோனால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை கொண்டுவந்து போர்த்துவார்கள். அதைத்தான் கோடி என்பது. ஆட்டப் பாட்டு போடுகிற இடத்தில் பேசுகிற பேச்சா அது? ஜமால் பாய் ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஆடி பிறந்ததும் அறக்கட்டளைச் செயலாளர் வந்தார். நல்ல மனிதர்தான். குரலை உயர்த்தவில்லை.

"பாட்டு நல்லாத்தான் இருக்குது தனம். கேக்கறது யாரு? ஒருத்தர், ஒரே ஒருத்தரை எனக்குக் காட்டுங்க."

என்னால் காட்ட முடியவில்லை. மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமையைச் சொல்லி, அன்றைக்கு வந்து மூடுகிற ஏற்பாட்டைப் பேசிவிடலாம் என்று போய்விட்டார்.

அன்றைக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போவது ஒரு பக்கம். ஆட்டோவில் மறுபடி கத்தப் போகலாம், பிழைத்துக்கொள்ளலாம். என்னை அரித்தது வேறு. இத்தனை வருஷமாக யாருமே இல்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்து, விசாரித்து, சண்டை போட்டுப் பேசியிருக்கிறேனே, பைத்தியக்காரி இல்லையா நான்? ஸ்டுடியோவுக்குள் கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் வராது. அந்த அமைதியில் உட்கார்ந்துகொண்டு, நான் செத்துப்போனாலும் இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, செத்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் போய் நின்றேன். கும்பிடத் தோன்றவில்லை. சண்டைதான் போட்டேன். "உங்கிட்ட பேசறதும் மைக்குல பேசறதும் ஒண்ணாத்தான் கீது தாயே. ரெண்டுலயும் பதில் வரல. ஒரே ஒருத்தரைக் காட்டு. அப்புறம் மூடினா மூடிட்டுப் போறாங்க," என்று கேட்டேன். கேட்டால் எதையாவது நேர்ந்துகொள்ள வேண்டுமே. தீச்சட்டி எடுக்க உடம்பில் தெம்பில்லை. முடி கொடுத்தால் அது தானாக வளர்ந்துவிடும். என்னிடம் இருக்கிற ஒரே பொருள் என் பேச்சுதான். வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற வரைக்கும் வாய் திறப்பதில்லை என்று நேர்ந்துகொண்டேன். அந்த ஞாயிற்றுக்கு மறுநாள்தான் செயலாளர் வருகிற திங்கட்கிழமை.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னபோது, "சோறு தண்ணி இல்லாம வேணா நீ இருந்துடுவ. பேசாம இருப்பியா?" என்று சிரித்தார். ஜமால் பாய் சிரிக்கவில்லை.

"மூடப் போற எடந்தானேம்மா, உன் திருப்திக்கு இரு. பாட்டுன்னா பாடினவங்க பேரு சொல்லணும். வெறும் மேளமா போட்டுக்கினு இருக்கேன். நீ ஒங்க தாயிகிட்ட கேளு, நானும் தொழுவுறப்ப அல்லாகிட்ட கேக்கறேன்."

வெள்ளிக்கிழமை வாயை மூடிக்கொண்டு மைக்கின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து பம்பையும் தப்பும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தனம் ஏன் பேசவில்லை என்று ஒருவராவது கேட்பார் என்று அடிமனதில் ஒரு ஆசை. ஒருவரும் கேட்கவில்லை. சனிக்கிழமையும் போன் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜமால் பாய் தொழப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். சரி, தாய் பதில் சொல்லிவிட்டாள், ஒருவரும் இல்லை என்பதுதான் பதில் என்று முடிவு கட்டினேன். அழுகைகூட வரவில்லை.

அப்போதுதான் படியில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்தால், மாரில் அடித்துக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் ஏறி வருகிறார்கள். பின்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆண்கள். முன்னால் வந்தவர் கையில் பச்சைகுத்தியிருந்த, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள். காளியம்மா என்று பிறகு தெரிந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எங்க கண்ணு வச்சிருக்காங்க? எங்க தனத்தை எங்க கெடத்தியிருக்காங்க?"

வாய் வரைக்கும் வார்த்தை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"நெஞ்சு வலியா? நீ அவளுக்கு இன்னா ஒறவு? அழாத கண்ணு," என்று என்னைக் கட்டிக்கொண்டு, எனக்கே என் சாவுக்கு ஆறுதல் சொன்னார்.

நல்லவேளை, ஜமால் பாய் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுத் திகைத்துப்போய், "யாரும் சாவலீங்க. இவங்கதான் தனம். வேண்டுதலு, வெளக்கு வைக்கற வரைக்கும் பேச மாட்டாங்க," என்றார்.

காளியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொய் சொல்லாதீங்க பாய். தனமா இருந்தா இந்நேரம் சும்மா இருப்பாளா?"

அவர்கள் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. குரல் மட்டும்தான் தெரியும். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகிற வழியில் ஒரு சரிவில் இருக்கிற ஊர்க்காரர்கள். எங்கள் ரேடியோ மலையைத் தாண்டாது என்று தொடங்கும்போதே சொல்லியிருந்தார்கள். தாண்டாதுதான். ஆனால் மலையின் இந்தப் பக்கத்துச் சரிவில் தெளிவாகக் கேட்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அங்கே செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. பேட்டரி ரேடியோவை வரப்பில் வைத்துக்கொண்டுதான் சாமைக் காட்டில் வேலை செய்வார்களாம். அவர்கள் ஊரில் சாவு விழுந்தால் ஒப்பாரியைத் தவிரப் பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது, வெறும் மேளம்தான். ஓயாமல் பேசுகிற ஒருத்தி வெள்ளிக்கிழமையிலிருந்து பேசவில்லை, மேளம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது என்றதும் நான் போய்விட்டேன் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு ஜீப் பிடித்து இறங்கியிருக்கிறார்கள். இடம் எப்படித் தெரியும் என்று பாய் கேட்டார். டீக்கடை மாடி என்று நான்தான் தினமும் சொல்வேனே.

விளக்கு வைக்கிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் போவோம் என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். காளியம்மா பாயிடம் பேசுகிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"தெனம் கேப்பா, இன்னா கொழம்புன்னு. நாங்களும் தெனம் சொல்லுவோம். மொச்சக்கொட்டைன்னு எம் பக்கத்துல ஒக்காந்திருக்கற இவ சொல்லுவா. நான் புளிச்சாறுன்னு சொல்லுவேன். பொறவு தனம், சொல்லாட்டி போங்கன்னு கோச்சிக்குவா. எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. சொல்லிக்கினுதான் இருக்கோம், அவளுக்குத்தான் காது கேக்கலைன்னு பேசிக்குவோம்."

பிறகு மடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். உள்ளே மஞ்சள் தடவிய ஒரு புதுச்சேலை. பச்சை நிறம், அரக்குக் கரை.

"பொறந்த வூட்டுக் கோடி போட ஆள் இல்லன்னு ஒருநாள் சொன்னா பாரு. ஏன் இல்லாம? நாங்க இன்னா செத்தா பூட்டோம்?"

சொந்தங்களே, அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அதுதான் நான் தாய்க்குச் செலுத்திய காணிக்கை. மற்ற நேரம் எல்லாம் சும்மா. கண்ணீர் கழுத்து வரைக்கும் ஓடியது. துடைக்கவும் தோன்றவில்லை.

தெருவில் கோயில் மணி அடித்தது. பாய் விளக்கைப் போட்டார். நான் உள்ளே போய் மைக்கின் முன்னால் உட்கார்ந்தேன். அவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டமாக நின்றார்கள். என்ன பேசுவது என்று யோசித்து வைக்கவில்லை. பழக்கத்தில் வாயில் வந்தது.

"இன்னிக்கு உங்க வூட்ல இன்னா கொழம்பு? சொல்லுங்க."

வழக்கம்போல் சற்றுநேரம் சும்மா இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காளியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, மைக்கிலேயே விழுகிற மாதிரி, "எங்கடி கொழம்பு வச்சோம், உன் எழவுக்கு வந்ததுல ஒலையே வைக்கல," என்றார். அது அப்படியே காற்றில் போனது. மலையில் மிச்சம் இருந்தவர்கள் அதைக் கேட்டுத்தான் நான் உயிரோடிருப்பதைத் தெரிந்துகொண்டார்களாம்.

திங்கட்கிழமை செயலாளர் வந்தார். மேசைமேல் சேலையைப் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டார். ஜமால் பாய் எல்லாவற்றையும் சொன்னார். செயலாளர் முதலில் சிரித்தார். அப்புறம் சேலையில் இருந்த மஞ்சளைத் தொட்டுப் பார்த்தார். "பொங்கல் வரைக்கும் ஓடட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார். பொங்கலுக்கு வந்து, சித்திரை வரைக்கும் பார்ப்போம் என்றிருக்கிறார். அதற்குமேல் தெரியாது. கருவிகள் பழசு, கரண்ட் போனால் நிலையமே படுத்துவிடுகிறது. மூடினாலும் மூடுவார்கள். பொய்யாக நம்பிக்கை கொடுக்க எனக்குத் தெரியாது.

ஆனால் கேட்க ஒருவரும் இல்லை என்கிற அந்தப் பயம் எனக்குப் போய்விட்டது. மாதத்துக்கு ஒருமுறை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி அந்த ஊருக்குப் போகிறேன். அவர்கள் மேளத்தைப் பதிவு செய்துகொண்டு வருகிறேன். சாவுக்கு வந்த சேலை, கட்டக்கூடாது என்றார் வீட்டுக்காரர். காளியம்மாவிடம் கேட்டேன். "சாவலைன்னா பொறந்த வூட்டுச் சீரு," என்றார். தீபாவளிக்குக் கட்டிக்கொண்டேன். இதைச் சொல்லும்போதும் அதைத்தான் கட்டியிருக்கிறேன்.

உங்களில் யாராவது கேட்டுக் கேட்டு ஓய்ந்து, தாய்க்குக் காது இல்லை என்று என்னைப்போல் வெறுத்துப்போயிருந்தால், உங்களுக்குத்தான் இது. பேச்சை விட்டுவிடாதீர்கள். நான் தினமும் குழம்பைக் கேட்டேன், மலையில் தினமும் பதில் சொல்லியிருக்கிறார்கள். அது என் காதுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். அவளும் சொல்லிக்கொண்டுதான் இருப்பாள்.