புளி போட்டு மினுக்கிய கோதுகள்

எதையும் பிரித்துப் பார்க்காவிட்டால் சிசிலிக்குச் சோறு இறங்காது. புதிதாக வாங்கிய மிக்ஸியைக்கூடத் திருகாணி கழற்றி உள்ளே பார்த்த பிறகுதான் சம்பல் அரைத்தாள். வேலை பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. ரொக்ஸ்பரோப் பகுதிப் பிள்ளைகளைக் காலையில் ஏற்றி மாலையில் வீட்டு வாசலில் இறக்கிவிடுவாள். பஸ் எங்கேயாவது கிரீச்சிட்டால், மெக்கானிக் வருவதற்குள் இவள் அதன் அடியில் படுத்திருப்பாள். இப்படிப்பட்டவளைக் கூட வேலை செய்கிற மாக்கிரட் ஒரு சனிக்கிழமை லவாலுக்கு அப்பால் இருந்த சுடுகழகத்துக்குக் கூட்டிப் போனதுதான் வினை. கடதாசி இலக்குகளில் சுட்டுப் புள்ளி எடுக்கிற விளையாட்டு அது. மற்றவர்கள் இலக்கில் விழுந்த ஓட்டையைப் பார்த்தார்கள். சிசிலி குனிந்து, சுட்ட பிஸ்டல் காலடியில் துப்பிய வெற்றுப் பித்தளைக் கோதைப் பொறுக்கி, அதற்குள் எட்டிப் பார்த்தாள்.

பிறகென்ன, படித்தாள், உரிமம் எடுத்தாள், போட்டிக்கென்று ஒரு பிஸ்டலும் வாங்கினாள். கைத்துப்பாக்கி விற்பனையை அரசாங்கம் நிறுத்துவதற்கு முந்திய காலம் அது. கடையில் விற்கிற துப்பாக்கி ரவை அவளுக்குச் சப்பென்றிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றைச் சுட்டு என்ன பயன்? ஒரு ரவை என்பது பித்தளைக் கோது, அதற்குள் கொஞ்சம் வெடிமருந்து, கோதின் வாயில் செருகிய ஒரு சன்னம். பறந்து போய் இலக்கைத் துளைப்பது சன்னம்தான். கோது காலடியிலேயே விழும். அதைப் பொறுக்கித் திரும்பவும் நிரப்பலாம். இதை அறிந்த நாளிலிருந்து வீட்டு நிலவறையில் ஒரு மேசை முளைத்தது.

சன்னத்தையும் அவளே வார்த்தாள். பனி கொட்டுகிற இந்த ஊரில் டிசம்பருக்குள் எல்லாரும் குளிர்கால டயர் மாற்றியே ஆக வேண்டும். அந்த நாட்களில் சிவராசா அண்ணையின் கராஜில், சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் கொளுவியிருந்த ஈயத் துண்டுகள் வாளி வாளியாகச் சேரும். அதை வாங்கி வந்து, ஜன்னல் விசிறியைப் போட்டு, முகமூடியும் கட்டிக்கொண்டு உருக்குவாள். உருகிய ஈயம் அச்சுக்குள் போய்ச் சன்னமாக விழுகிற கணத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். இட்லி முதல் ஈட்டில் பஞ்சாக வந்தால் ஒரு சிரிப்பு வருமே, அது.

பார்க்கத்தான் ஆள் இல்லை. புருசன் அன்ரன் விமான நிலையச் சமையற்கூடத்தில் வேலை செய்கிறவன், நல்ல மனுசன். ஆனால் அந்த மேசை வந்த பிறகு நிலவறைக்குள் வருவதில்லை, பாதிப் படியோடு திரும்பிவிடுவான். ஏனென்று சிசிலி கேட்கவும் இல்லை. போர்க்காலத்தில் பாசையூரில் பிறந்து, மீசை அரும்புவதற்குள் எல்லாத் தரப்புத் துவக்குகளையும் நெஞ்சுக்கு நேரே பார்த்தவன் அவன். பயம் இருக்காதா? ஒருநாள், ஒரே ஒருநாள், தான் சுடுவதை அவன் வந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குள் ஒரு ஆசை. ஊரில் அத்தனை பேர் கைதட்டினாலும் அது அன்ரன் தட்டியதாகாது.

ஜூன் மாதம் அந்தோனியார் திருநாள் வந்தது. தமிழ்க் கோயிலின் பித்தளை மெழுகுதிரித் தாங்கிகளை வருசாவருசம் வீட்டுக்குக் கொண்டுவந்து பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பது அன்ரனின் பொறுப்பு. இந்த முறை தேய்த்து முடித்தும் புளி மிஞ்சிவிட்டது. பக்கத்திலே, கழகத்தால் வந்தபடி அவள் வைத்துவிட்டுப் போன ஒரு வாளி நிறையச் சிசிலியின் கோதுகள், கரி பிடித்துக் கிடந்தன. பித்தளையைக் கறுப்பாகப் பார்த்தால் அவன் கை சும்மா இருக்காது. அப்படியே புளிக் கரைசலைச் சரித்து, விடியும்வரை ஊறவிட்டான்.

அடுத்த நாள் வேலையால் வந்த சிசிலி கொல்லையில் கடதாசி விரித்துக் கோதுகளைக் காயப்போட்டிருந்ததைப் பார்த்தாள். அத்தனையும் தங்கமாக மின்னின. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கறுப்பாக் கிடந்துது, பாக்கச் சகிக்கேல்லை," என்றான் அன்ரன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

இதுதான் சமயம் என்று அவளும் கேட்டுவிட்டாள். "வாற ஞாயிறு போட்டி. வாறீங்களோ?"

காய்ந்த கோதொன்றைக் குனிந்து திருப்பிப் போட்டான். "ஓம், வாறன்."

அந்தப் பூரிப்போடு அந்தக் கோதுகளையே நிரப்பி, நடுவாரம் கழகத்துக்குப் பயிற்சிக்குக் கொண்டுபோனாள். வந்தது சோதனை. இலக்கில் வட்டமாக விழவேண்டிய ஓட்டைகள் நீளநீளமாக விழுந்தன. சன்னம் நேரே போகாமல் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போகிறது! பிஸ்டல் குழலுக்குள் பார்த்தால் சுவரெல்லாம் ஈயம் அப்பிக் கிடந்தது. அதே ஈயம், அதே மருந்து, அதே கை. எது மாறியது?

வீட்டுக்கு வந்து, சுடாமல் மிஞ்சிய ரவைகள் சிலவற்றைத் தட்டிக் கழற்றிச் சன்னத்தை வேணியர் இடுக்கியால் அளந்தாள். வார்த்தபோது இருந்ததைவிட மெலிந்திருந்தது. கோதின் வாயில் ஈயம் சுருளாகச் சீவப்பட்டிருந்தது. அப்போதுதான் பிடிபட்டது. கோதின் உட்புறத்தில் இருந்த மெல்லிய கரிதான் இவ்வளவு நாளும் சன்னத்தை வழுக்கி இறங்கவிட்டிருக்கிறது. புளி அதைத் துடைத்தெறிந்துவிட, வறண்ட பித்தளை ஈயத்தைச் சுரண்டி விட்டது. மெலிந்த சன்னம் குழலில் பிடிப்பில்லாமல் ஆடியது. அது மட்டுமா, சில கோதுகளில் மஞ்சளுக்குள் இளஞ்சிவப்புப் படர்ந்திருந்தது. புளி பித்தளையையே தின்னத் தொடங்கியிருக்கிறது. இனி அவற்றை நம்பிச் சுட முடியாது, எறியத்தான் வேண்டும்.

விடை கிடைத்த சந்தோசம் ஒரு நிமிசம்தான். இதை எப்படி அவனிடம் சொல்வது? இத்தனை காலத்துக்குப் பிறகு மனுசன் ஓரடி கிட்ட வந்திருக்கிறான், வந்த காலை மிதிப்பதா? மினுக்கிய கோதுகளை ஒரு தகர ரின்னில் போட்டு அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தாள். நிலவறையில் மிஞ்சிக் கிடந்த, கரி பிடித்த பழைய கோதுகளை நிரப்பிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் போனாள்.

அன்ரன் வந்தான். காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, கழகத்துச் சாப்பாட்டறைக்குள் கோப்பிக் கோப்பையோடு ஒடுங்கியிருந்தான். சிசிலியின் ஒரு கண் இலக்கில், மறு கண் அந்த அறையின் கண்ணாடி ஜன்னலில். பிறகு எங்கே புள்ளி வருவது? இருந்த மானமும் போயிற்று. ஆனால் நடுவர் சுடுவதை நிறுத்திக் கோது பொறுக்கச் சொன்னதும், எல்லாருக்கும் முந்தி அன்ரன் பையோடு வெளியே வந்து குனிந்தான். நாலைந்து கோதுகளைக் கையில் எடுத்தான். கறுப்பு. அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவற்றைப் பைக்குள் போட்டான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாலத்தில் கார் ஏறும்போது கேட்டான். "நான் மினுக்கினது எங்கை?"

"அது... பிறகு பாவிப்பமெண்டு..." என்று தொடங்கியவள் அந்தப் பொய்யைப் பாதியிலேயே விட்டுவிட்டாள். ஓட்டை நீண்டது, சன்னம் மெலிந்தது, ரின்னை ஒளித்தது என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். அவன் மடியிலிருந்த கோதுப் பையின் வாயை இறுக்கிக் கட்டினான். எல்லாம் முடிந்தது, இனி இந்த மனுசன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான் என்றுதான் அவளுக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் அன்ரன் சப்பாத்தைக் கழற்றினான். நேரே நிலவறைப் படியில் இறங்கினான். சிசிலி பின்னால் ஓடினாள்.

"ரின் எங்கை?"

எடுத்துக் கொடுத்தாள். சிவந்த கோதொன்றை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கோயில் சாமான் இப்பிடிச் சிவக்கிறேல்லையே. ஏன்?"

"அதைத் தேய்ச்ச கையோடை கழுவிப்போடுவியள். இதை விடிய விடிய ஊறவிட்டியள்."

"ம். அந்த நீட்டு ஓட்டையைக் காட்டு பாப்பம்."

காட்டினாள். அச்சைக் கேட்டான், இடுக்கியைக் கேட்டான், தானே ஒரு சன்னத்தை அளந்து பார்த்தான். சிசிலிக்குத் தாங்கவில்லை. "உங்களுக்குத் துவக்கெண்டால் பயமெண்டெல்லோ நான் நினைச்சிருந்தனான்!"

"சத்தம்தான் எனக்கு ஏலாது. உது சத்தம் போடாத சாமான்தானே. கீழ என்னதான் செய்யிறாய் எண்டு அறிய எனக்கும் ஆசைதான்."

"அப்ப ஏன் ஒருநாளும் வரேல்லை?"

"வந்தனானே. படியிலை என்ரை கால் சத்தம் கேட்டவுடனை எல்லாத்தையும் பெட்டிக்குள்ளை போட்டு மூடுவாய். எனக்குக் காட்ட உனக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு திரும்பி ஏறிப்போடுவன்."

உண்மைதான். பாவம், பார்த்தால் பயப்படுவான் என்றுதான் ஒவ்வொரு முறையும் அவள் அவசர அவசரமாக மூடினாள். இப்போது அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "நில்லுங்கோ, வாறன்," என்று மேலே ஓடிப்போய், அவன் உட்காரக் குசினிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவ்வளவு காலமும் அந்த மேசைக்கு ஒரு கதிரைதான் இருந்தது.