மழைக்கோட்டுக்குப் போன பாட்டு

அந்தப் பொங்கல் விழா மேடையில் தமிழ்ச் சங்கத் தலைவர் அங்கிள் இருந்தார். கீபோர்டில் என் மாமா இருந்தார். மைக்குக்கு முன்னால் பத்து வயதில் நான் இருந்தேன். கீழே மூன்றாவது வரிசையில் அம்மாவும், என் தங்கையை மடியில் வைத்துக்கொண்டு கீழ்வீட்டு ஆன்ட்டியும் இருந்தார்கள். அப்பா அதே கட்டடத்தில்தான் இருந்தார், ஆனால் அரங்கத்தில் இல்லை. வாடகைக்கு எடுத்த அந்தப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் அத்தனை பேருக்கும் சாம்பார் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். பாட்டைக் கட்டியவர் இல்லை. அவர் எங்கோ ஒரு கடற்கரை ஊரில் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. உயிரோடு இருந்திருந்தாலும் எங்கள் ஆட்கள் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இந்தக் கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுவதாக இல்லை. எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயருக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தோம். சாத்தூரிலிருந்து அப்பாவை ஒரு ஓட்டல்காரர் சமையலுக்கு அழைத்து வந்திருந்தார். அம்மா அதே ஓட்டலில் மாவு ஆட்டவும் காய் நறுக்கவும் போனாள். அம்மாவின் தம்பி, அதாவது மாமா, பகலில் ஒரு மளிகைக் கடையில் கேசட் விற்றார், சாயங்காலம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தார். சங்கத் தலைவர் பார்சிப்பனியில் சொந்தமாக ஒரு கன்சல்டன்சி வைத்திருந்தார். கோர்ஸ் முடிந்ததும் வேலைக்கு எடுத்துக்கொள்வதாக மாமாவிடம் சொல்லியிருந்தார். இது எனக்கு அப்போது தெரியாது.

மாமாவுக்குப் பாட்டுத்தான் உயிர். எந்தத் தமிழ்ப் பாட்டு எந்த இங்கிலீஷ் பாட்டிலிருந்து உருவினது என்று கேசட் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக் கலாட்டா செய்வார். ஆனால் ஒரே ஒரு பாட்டை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். பழைய படம் ஒன்றில் கதாநாயகி ஊஞ்சலில் ஆடிக்கொண்டே பாடுவது. அதே மெட்டு அமெரிக்காவிலும் இருந்தது. ரேடியோவில் பழைய பாட்டு நேரத்தில் போடுவார்கள், சோப்பு விளம்பரத்தில் வரும். ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு பொறுக்கும்போது தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் அது வந்தது. மாமா பையைக் கீழே போட்டுவிட்டார்.

"கேட்டியாடா? நம்ம பாட்டு! அப்படியே அடிச்சிருக்கானுங்க, திருட்டுப் பயலுக!"

நானும் கூடச் சேர்ந்து கொதித்தேன். மறுநாள் பள்ளியில் ஒருவன் அதை விசிலடித்தபோது, அது எங்களுடையது, நிறுத்து என்று சண்டைக்குப் போனேன்.

பொங்கல் விழாவுக்கு அந்தப் பாட்டைத்தான் நான் பாடுவதாக ஏற்பாடு. மாமா கீபோர்டோடு வீட்டுக்கு வந்து பழக்குவார். ஒரு சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். சத்தம் போடுகிறோம் என்று சண்டைக்கு யாரோ வந்துவிட்டார்கள் என்று அம்மா பயந்தாள். திறந்தால் கீழ்வீட்டு ஆன்ட்டி.

ஆன்ட்டி ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக்காரர். ராத்திரியில் முதியோர் இல்லத்தில் வேலை, பகலில் என் தங்கையைப் பார்த்துக்கொள்வது. அம்மா ஓட்டலுக்குப் போக முடிந்ததே அவரால்தான். அம்மா கொடுப்பதை எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார். சாம்பார் கொடுத்தால் பாத்திரத்தில் வாழைப்பழ வறுவல் வைத்துத் திருப்பித் தருவார். தங்கை வெள்ளிக்கிழமை பிறந்தவள் என்பதால் அவளுக்கு எஃபுவா என்று தங்கள் ஊர் வழக்கப்படி பெயர் வைத்திருந்தார். என்னை "மை ஹஸ்பெண்ட்" என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் ஊரில் சின்னப் பையன்களைப் பெரிய பெண்கள் அப்படிக் கூப்பிடுவது கேலியாம். முதல் தடவை கேட்டபோது அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

அன்று வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், வழக்கமான அந்தப் பெரிய பழுப்பு மழைக்கோட்டோடு வாசலில் நின்றார். தோள் இரண்டும் தொங்கும், கை விரல் வரை மூடும் கோட்டு.

"மை ஹஸ்பெண்ட், இந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க பாட்டு ஆன்ட்டி," என்றேன்.

"எங்க ஊர் மியூசிக் டைரக்டர் பாட்டு," என்று மாமா என்னைத் திருத்துகிற மாதிரி ஒரு பழைய இசையமைப்பாளர் பெயரைச் சொன்னார். "அமெரிக்கன்ஸ் ஸ்டோல் இட்."

ஆன்ட்டி சிரித்தார். "அமெரிக்கன்ஸ் ஸ்டோல் இட், யெஸ்," என்று சொல்லிவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தார். அப்புறம் அவர் மொழியில் பாடினார். மெட்டு அதேதான், வேகம் பாதி. தொடையில் தட்டிக்கொண்டே பாடி, இரண்டாவது அடியின் நடுவில் சட்டென்று நிறுத்தினார். ஒரு மூச்சு. மறுபடி தொடங்கினார்.

அந்த இடம் மாமாவுக்குத் தெரியும். தமிழிலும் அங்கே ஒரு பள்ளம் இருந்தது. மெட்டுப் போட்டவர் தடுமாறிய இடம் என்று சொல்லி மாமா அதைக் கீபோர்டில் ஒரு சுழிப்புப் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்.

"ஏன் நிறுத்தினீங்க?" என்று மாமா கேட்டார்.

ஆன்ட்டி எழுந்து கயிறு இழுப்பது போலக் காட்டினார். கடற்கரையில் வலை இழுக்கிற பாட்டு. இழுத்து, இழுத்து, அந்த இடத்தில் கையை விட்டு முன்னால் மாற்றிப் பிடிக்க வேண்டும். பிடிக்கும் நேரத்தில் யார் பாடுவார்கள்? பாடினால் வலை போய்விடும்.

மாமாவின் கை கீபோர்டிலிருந்து இறங்கிவிட்டது.

பாட்டைக் கட்டியவர் ஆன்ட்டியின் அப்பா. எபோ க்வான்சா. எபோ என்றால் செவ்வாய்க்கிழமை பிறந்தவர். ஒரு வெள்ளைக்காரர் மெஷினோடு கடற்கரைக்கு வந்து பாடச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போனார். போகும்போது தான் போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். சில வருஷம் கழித்து அது இங்கிலீஷில் வேறொருவர் பாடி இசைத்தட்டாக வந்தது. அவ்வளவுதான். ஆன்ட்டி கோட்டின் காலரை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "மை ஃபாதர்ஸ் ராயல்ட்டி."

அந்தக் கோட்டைப் பார்த்து நான் எத்தனை தடவை சிரித்திருக்கிறேன்.

ஆன்ட்டி பணம் கேட்கவில்லை. பாடுவதை நிறுத்தச் சொல்லவும் இல்லை. பாடும் முன் அவர் அப்பாவின் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இதுவரை எந்த மேடையிலும் யாரும் சொன்னதில்லையாம்.

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உணர்ச்சி வந்தால் அவருக்குத் தலைகால் தெரியாது. தரையில் விளையாடிக்கொண்டிருந்த தங்கையின் தலையில் கையை வைத்து, "சொல்றோம். சத்தியம்," என்றார்.

"ஏண்டா அறிவு கெட்டவனே, புள்ள தலையிலயா அடிப்ப?" என்று அம்மா கத்தினாள். ஆன்ட்டி என்னவென்று விசாரித்தார். அம்மா தன் இங்கிலீஷில் விளக்கினாள்: "ஹி நாட் டூ, பேபி ப்ராப்ளம்." ஆன்ட்டி தங்கையைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "தென் யூ வில் டூ," என்றார் மாமாவைப் பார்த்து.

விழா வரை அந்தப் பெயரைத்தான் நான் பாட்டைவிட அதிகமாகப் பழகினேன். அம்மா தன் கல்யாணப் பட்டுப் புடவையை ஆன்ட்டிக்குக் கட்டிவிட்டாள். ஆன்ட்டி மேலே மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, உட்கார்ந்ததும் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினார்.

என் முறை வந்தது. நான் மைக்கில் தெளிவாகச் சொன்னேன்: "இந்தப் பாட்டைக் கட்டியவர் எபோ க்வான்சா."

அரங்கம் ஒரு நொடி விழித்தது. தலைவர் அங்கிள் சிரித்துக்கொண்டே வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"என்ன கண்ணா, கார்ட்டூன்ல வர்ற ஆளா?"

சிரிப்பு. முதலில் முன்வரிசை, பிறகு முழு அரங்கமும். டாக்டர்கள் சிரித்தார்கள், என்ஜினியர்கள் சிரித்தார்கள், பட்டுப்பாவாடைக் குழந்தைகள் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். "குக்கோட பையன், குறும்பு ஜாஸ்தி," என்றார் தலைவர். "இது நம்ம பாட்டு. நம்மகிட்டேருந்து அமெரிக்காக்காரன் சுட்டது. தமிழன் உலகத்துக்குக் கொடுத்தது!" கைத்தட்டல் கூரையைப் பிளந்தது.

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் கீபோர்டைப் பார்த்துக் குனிந்து வாசிக்கத் தொடங்கினார். நான் பாடினேன். அந்த இடம் வந்தபோது, ஆன்ட்டி சொல்லிக்கொடுத்த மாதிரி நிறுத்தினேன். மாமா பழைய சுழிப்பைப் போட்டு அதை நிரப்பினார். அதை மட்டும் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. பெயரை விழுங்கியதுகூடப் பயத்தினால் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு மூச்சையாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா?

ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. அப்பாவின் பெயர் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார், அடுத்து சிரிப்பைக் கேட்டார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தங்கையை அம்மா மடியில் வைத்துவிட்டு, பட்டுப் புடவைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, நடு வழியாக நடந்து வெளியே போனார். யாரும் வழிமறிக்கவில்லை. சிலர் கால்களை மடக்கி இடம் விட்டார்கள், அவ்வளவு மரியாதை.

சமையலறையில் அம்மா மாமாவின் சட்டையைப் பிடித்துவிட்டாள். "என் புள்ள தலையில கை வச்சியேடா!"

"அக்கா, அந்த எடத்துல நான் என்ன பண்ண முடியும்? அவர் ப்ரெசிடென்ட்டுக்கா..."

"ப்ரெசிடென்ட்டுன்னா? அவன் வீட்டுப் புள்ளையவா நாம அந்தம்மாகிட்ட விடுறோம்?"

அப்பா கரண்டியை வைக்காமல் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தம்மா சாப்பிட்டுச்சா?"

அப்பா தானே பொங்கலும் வடையும் தூக்குப் பாத்திரத்தில் போட்டு ராத்திரி கீழ்வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வந்தார். மறுநாள் எங்கள் வாசலில் புடவை இஸ்திரி போட்டு மடித்து இருந்தது. அதன்மேல் பாத்திரம், கழுவி, காலியாக.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். கல்லூரி நூலகத்தில் நான் முதலில் தேடியது என் பாடப் புத்தகத்தை அல்ல, அந்த இங்கிலீஷ் இசைத்தட்டை. உறையில் கட்டியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மரபுப் பாடல்' என்று போட்டிருந்தது. மரபு என்ன, கடற்கரையில் நின்று கயிறு இழுத்ததா? எழுதியவன் கையை முறிக்கலாம் போல இருந்தது. ஆனால் அவனாவது எபோ க்வான்சாவைப் பார்த்ததில்லை. நாங்கள் அவர் மகளை மூன்றாவது வரிசையில் உட்காரவைத்துச் சிரித்தோம்.

இதெல்லாம் பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை. ஆன்ட்டி அடுத்த திங்கட்கிழமை, முதுகு வலிக்கிறது, இனிமேல் குழந்தையைத் தூக்க முடியாது என்றார். நான் நம்பினேன். ஊரிலிருந்து வந்த தைலத்தை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். ராத்திரி சூடு பறக்கத் தேய்க்கணும் ஆன்ட்டி, ரெண்டே நாளில் சரியாகிவிடும், அப்புறம் பாப்பாவைக் கொண்டுவருகிறேன் என்றேன். அவர் வாங்கிக்கொண்டு, "தேங்க் யூ, யங் மேன்," என்றார். வலி அதிகம் போலிருக்கிறது, என்னைக் கூப்பிடுகிற பெயரே மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மேலே வந்தேன்.

மாமாவுக்குப் பார்சிப்பனியில் வேலை கிடைத்தது. அம்மா ஓட்டலில் வாரத்துக்கு நூற்று நாற்பது டாலர் வாங்கினாள். தங்கையைச் சேர்த்த டேகேரில், அவள் பள்ளிக்கூடம் போகும்வரை, வாரத்துக்கு நூற்றுப் பத்து டாலர் கட்டினோம்.