வெரோனா கைக் கேக்

ஓவன் கதவைச் சாத்தியதும் வெரோனா கிட்டன்ஸ் முதலில் ரேடியோவை அணைப்பாள். பிறகு குட்டை முக்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடிக்கு நேரே உட்கார்ந்துகொண்டு உள்ளே இருக்கும் கேக்கை முறைத்துப் பார்ப்பாள். அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் யாராவது தடதடவென்று இறங்கினால் தொலைந்தார்கள். "மெதுவா வாய்யா! கேக்கு பயந்து உக்காந்துடும்!" என்று அதட்டுவாள். அவள் கணவன் ஆர்வில், பஸ் ஓட்டுகிற ஆறடி ஆள், சொந்த வீட்டிலேயே திருடனைப் போல இறங்கி வருவான்.

இங்கிலாந்தின் ரெடிங் ஊரில் ஆக்ஸ்ஃபோர்டு ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று அவர்களுடையது. சமையலறைதான் பேக்கரி. வியாழக்கிழமை வந்தால் சாப்பாட்டு மேசை முழுக்க ரொட்டி ஆறிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர்கள் சோபாவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். படிக்கட்டுக்கு அடியில், கோட்டு மாட்டும் இடத்தில், ரம்மில் ஊறும் பழங்கள் ஜாடி ஜாடியாக நிற்கின்றன. உலர்ந்த திராட்சை, பிளம்ஸ், செர்ரி எல்லாம் அரைபட்டு, போன வருஷத்திலிருந்து அங்கே மயங்கிக் கிடக்கின்றன. "கோட்டு எடுக்கப் போனேன்" என்று சொல்லிக்கொண்டு ஆர்வில் வாயைத் துடைத்தபடி வருவதும், "கோட்டு எங்கய்யா?" என்று அவள் கேட்பதும் தினசரி நடப்பது.

இதற்கு முன் அவள் பல வருஷம் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் ரொட்டிப் பிரிவில் இருந்தாள். எங்கேயோ பிசைந்து, உறையவைத்து, லாரியில் வந்த மாவைச் சூடாக்கி அலமாரியில் அடுக்குவது வேலை. "பேக்கர்னு பேட்ஜ் குத்தி விட்டாங்க. நான் சுட்டதெல்லாம் அடுத்தவன் பிசைஞ்ச மாவு" என்று சிரிப்பாள். சுவரில் ஒரு வண்ண அட்டை தொங்கும். ரொட்டி அந்த அட்டையில் உள்ள பழுப்பைத் தாண்டினால் குப்பைக்கூடைக்குப் போக வேண்டும். அந்தப் பிரிவையே மூடியபோது கையில் வந்த பணத்தை வைத்து அவள் இரண்டாவது ஓவன் வாங்கினாள். கரீபியன் தீவான பார்படாஸில் செயின்ட் பிலிப் பக்கத்திலிருந்து வந்து ரயில்வேயில் உழைத்த அப்பா, சனிக்கிழமைதோறும் சுட்ட தேங்காய் ரொட்டியையும் பண்டிகைக்குச் சுட்ட கறுப்புக் கேக்கையும் இனி அவள் சுடுவதாக முடிவு.

வெள்ளைக்காரர்கள் தேங்காய் ரொட்டியை அள்ளிக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டுக்காரர் வாரம் தவறுவதில்லை. சொந்த பார்படாஸ் ஜனங்கள்தான் வரவில்லை. அவர்களிடம் ஒரு வழக்கம்: எல்லார் கையிலும் சாப்பிட மாட்டார்கள். எந்த விருந்திலும் தட்டு நீட்டுவதற்கு முன் "யாரு கை?" என்றுதான் கேட்பார்கள். பதில் பிடிக்கவில்லையென்றால், "இப்பதான் வயிறு நிறைய சாப்பிட்டேன்" என்று ஏப்பம் விட்டுக் காட்டுகிற நாகரிகமும் உண்டு. அவர்கள் கூடும் டாமினோ கிளப்பில் நவம்பர் மாதத்துப் பார்படாஸ் சுதந்திர தின விருந்துக்குக் கேக் லண்டனிலிருந்து வந்தது. மூன்று தெரு தள்ளி இருக்கும் வெரோனாவை ஒருவரும் கேட்கவில்லை. அந்த மேசையில் தன் கேக் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது. மற்றதெல்லாம் வியாபாரம்.

போன நவம்பரில் அவள் ரோஷத்தைவிட்டு, கேட்காமலேயே ஒரு கேக்கைக் கொண்டுபோய் மேசை ஓரத்தில் வைத்தாள். மேசைக்கு அதிகாரி கொரீன் இயர்வுட், வெரோனாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவள் தலையசைத்தால்தான் மற்றவர்கள் கை நீட்டுவார்கள். கொரீன் ஒரு துண்டு எடுத்தாள், மோந்து பார்த்தாள், வாயில் வைக்காமல் டிஷ்யூவில் மடித்துக் கைப்பைக்குள் போட்டு டப்பென்று மூடினாள். அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான். மேசையைச் சுற்றியிருந்த பெண்களுக்கெல்லாம் திடீரென்று வயிறு நிறைந்துவிட்டது. முக்கால்வாசிக் கேக்கைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்த வெரோனா, கோட்டைக்கூடக் கழற்றாமல் முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். ஆர்வில் ஒரு துண்டைத் தின்று, "நல்லாத்தானே இருக்கு" என்றான். "நீ ஜாடியையே நக்குறவன். உன் சாட்சி செல்லாது" என்றாள் அவள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

வயிற்றில் வைத்துப் பொருமுகிற சாதி அல்ல அவள். அடுத்த வாரம் சேனைக்கிழங்கு வாங்குகிற கடையில் கொரீனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி கொரீன், என் கேக்கைக் குப்பைல போட்டியா, புறாவுக்குப் போட்டியா?"

"ரெண்டும் இல்ல. வீட்டுக்குப் போய்த் தின்னேன்."

"அப்ப அங்கயே தின்னா என்ன, பல்லு விழுந்துடுமா?"

"அங்க தின்னிருந்தா என் மூஞ்சி காட்டிக் குடுத்திருக்கும்டி. அத்தனை பேருக்கு முன்னாடி உனக்கு அந்த அவமானம் வேணுமா?" கொரீன் கிழங்கை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "சின்ன வயசுல உங்க பின்வாசல் வேலிய ஏறிக் குதிச்சு உங்கப்பா கேக்கைத் தின்னவ நான். அந்தக் கேக்கு இனிக்கும், அப்புறம் தொண்டையில ஒரு கசப்பு நிக்கும். அதுக்காகவே இன்னொரு துண்டு கேக்கத் தோணும். உன்னோடதுல கசப்பே காணோம். சர்க்கரைய நீ கருக்கவே இல்ல. பழுப்பானதும் இறக்கிட்ட. பயந்துட்டடி."

வெரோனா கிழங்கை வாங்காமலே கடையைவிட்டு வந்தாள். கறுப்புக் கேக்குக்குக் கறுப்பு தருவது பழமல்ல, சட்டியில் கருக்கிய சர்க்கரை. அப்பா அதைக் கொல்லையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வைத்து, புகையில் கண் கலங்க நிற்பார். அவளோ பழுப்பைப் பார்த்ததுமே சட்டியை இறக்கினாள். அந்த வண்ண அட்டையைச் சுவரிலிருந்து எப்போதோ கழற்றிவிட்டார்கள். அவள் கண்ணிலிருந்துதான் யாரும் கழற்றவில்லை. கூரையில், கொஞ்சம் புகைந்தாலே அலறுகிற அலாரம் வேறு.

கிறிஸ்துமஸுக்குச் சில வாரம் முன்பு ஒரு காலையில், கடுங்குளிரில், கேம்ப் ஸ்டவ்வையும் பழைய இரும்புச் சட்டியையும் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சர்க்கரை உருகியது, பழுப்பானது. பழக்கத்தில் அவள் கை சட்டியின் பிடிக்குப் போனது. அந்தக் கையை மறு கையால் பிடித்துக்கொண்டாள். புகை எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "எல்லாம் சரிதானே?" என்றார். "சர்க்கரைய எரிக்கிறேங்க!" என்றாள் வெரோனா. தலை மறைந்தது.

"போதும்டி, தீஞ்சுபோச்சு" என்றான் ஆர்வில்.

"தீயட்டும்யா" என்று இருமினாள். தார் மாதிரிக் கறுத்துக் கொதித்த பிறகுதான் வெந்நீரை ஊற்றினாள். அது சீறியது.

இதில் அவளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு வெரோனா கறுப்புக் கேக்கைத் தின்றதே இல்லை. "சுடுறவளுக்கு வாசனையே போதும்" என்பாள். அந்த ருசி தன் கையில் வரவில்லை என்று தெரிந்துவிடுமோ என்கிற பயம்தான், வேறொன்றுமில்லை.

கேக் ஆறி, ரம் குடித்து, சில நாள் உறங்கிய பிறகு கொரீனை வீட்டுக்கு வரச் சொன்னாள். கொரீன் கோட்டோடு வந்து, உட்காராமல் நின்றாள். வெரோனா ஒரு துண்டு வெட்டி, கூடவே மடித்த டிஷ்யூவையும் நீட்டினாள். அதில் கொஞ்சம் குத்தலும் இருந்தது. கொரீன் டிஷ்யூவைத் தள்ளிவிட்டுக் கேக்கை மட்டும் எடுத்தாள். கடித்தாள். மென்றாள். விழுங்கிவிட்டு, தொண்டையில் எதையோ எதிர்பார்ப்பவள் போல நின்றாள்.

பிறகு கைப்பையைத் திறந்தாள். பையிலிருந்து வந்தது, வீட்டிலிருந்தே நாலாக மடித்துக் கொண்டுவந்த அலுமினியத் தாள். கொரீன் அதை மேசைமேல் விரித்து, சுருக்கம் போக நீவிவிட்டாள்.

"ரெண்டு துண்டு வை. ஒண்ணு வீட்டுக்காரருக்கு. கிளப் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு எத்தனை கேக்கு வேணும்னு அப்புறம் பேசிக்கலாம்."

வெரோனா கத்தியை எடுத்தாள். துண்டுகள் கோணலாக விழுந்தன. இரண்டைத் தாளில் வைத்தாள். மூன்றாவதாக ஒன்று வெட்டி, முக்காலியில் உட்கார்ந்து, தன் வாயில் போட்டுக்கொண்டாள்.