வேலிக்கு மேலால் போன வயர்

கரைத்தீவில் பாண் விற்க வருபவர் இன்றும் என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்கிறார், "நானா, எப்ப ஊருக்குப் போறீங்க?" நல்ல மனிதர், அன்பாகத்தான் கேட்கிறார். என் பிள்ளைகள் பிறந்தது இந்த மண்ணில். உம்மாவை அடக்கியதும் இங்கேதான். ஆனாலும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த நாங்கள் இவர்களுக்கு இன்னும் பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள்தான்.

போன மாதம் வந்த கரண்ட் பில்லைப் பார்த்து மனைவி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். இரண்டு பல்ப், ஒரு பேன். வழமையாக வருவதைப் போல ஆறு மடங்கு. கட்டாவிட்டால் லைனை வெட்டுவார்கள் என்றும் அதில் எழுதியிருந்தது.

கரண்ட் கந்தோருக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் சிங்களவர். தமிழைத் தடவித் தடவிப் பேசினார். "மீட்டர் சரி, நானா. மன்னார் போறதுக்கு முந்தி கட்டிட்டு போங்க."

"நான் போகல்ல, மாத்தயா. இங்கதான் இருக்கிறன்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றது. பொறகு வீடு பூட்டு." பிறகு அவருக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். "வீட்ல எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு மீட்டரப் பாருங்க. சுத்தினா எங்கயோ கரண்ட் போகுது."

அஸர் தொழுதுவிட்டு அப்படியே செய்தேன். மீட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. மீட்டரிலிருந்து சுவரோரமாகவே போய்ப் பார்த்தால், பசளிக்கொடிக்குள் மறைந்து ஒரு வயர் வேலிக்கு மேலால் ஹனீபா மச்சானின் வீட்டுக்குப் போகிறது. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அவரும் நாங்களும் மன்னாரிலிருந்து அகதியாக வந்து கிடுகுக் குடிசையில் கிடந்த காலம். மச்சானின் துண்டுக் காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை, அதனால் கரண்ட் கொடுக்கவில்லை. அவருடைய பிள்ளைகள் குப்பிலாம்புப் புகையில் குர்ஆன் ஓதுவதைப் பார்க்கப் பொறுக்காமல், "அல்லாஹ்வுக்காக எடுங்க" என்று நான்தான் ஒரு பல்புக்கு வயர் இழுத்துக் கொடுத்தேன். நாட்டில் சண்டை முடிந்து அவர் மன்னாருக்குத் திரும்பியதும் வீடு பூட்டிக் கிடந்தது. இப்போது அங்கே ஒரு மீன் வியாபாரி வாடகைக்கு வந்து கரண்ட்டில் ஓடுகிற இரண்டு ஐஸ் பெட்டி வைத்திருக்கிறார். கரண்ட்டை அவர் தனியாக எடுத்திருப்பார் என்றே நினைத்திருந்தேன்.

மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"வாடகையில கரண்ட்டும் சேத்தி எண்டுதான் குடுத்தன்," என்றார், கூச்சமே இல்லாமல். "அல்லாஹ்வுக்காகத் தந்ததுக்கு இப்ப கணக்குப் பாக்கிறீங்களா? இங்க மன்னார்ல உங்கட காணியக் காடு ஏறாம நான் பாக்கிறன். எப்பயாச்சும் பில் அனுப்பினனா?"

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். உறுதிக் கடதாசியைத் தவிர அந்தக் காணிக்கு எனக்கிருந்த ஒரே காவல் அவர்தான்.

அவள் வயர் வெட்டுகிற குறடு ஒன்றை எடுத்துவந்து நீட்டினாள். "நீங்க அல்லாஹ்வுக்காகக் குடுத்தது ஓதுற பிள்ளைகளுக்கு. மீனுக்கில்ல. வெட்டுங்க."

மெயினை நிறுத்திவிட்டு வெட்டினேன். எந்த வேலைக்கும் முதலில் வாயில் வரும் பிஸ்மில்லாஹ் அன்று வரவில்லை.

பழைய பில்லைத் தவணையில் கட்டுகிறேன். இந்த மாத பில் பழையபடி இறங்கிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நான் கூப்பிட்டாலும் மச்சான் போன் எடுப்பதில்லை. மன்னாரில் நல்ல மழை என்று ரேடியோவில் சொன்னார்கள். இங்கே வெட்டவெளியில் துணி காய்கிறது. அங்கே எங்கள் காணியில் காடு எவ்வளவு உயரம் வந்திருக்கும் என்று கேட்க, எனக்கு இனி அங்கே ஓர் ஆள் இல்லை.